மலைப்பள்ளியில் நுண்கணிதம்

பிளஸ் டூ கணிதத்தில் நுண்கணிதத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் தேர்ச்சி பெற்றுவிடலாம். கணிதம் எடுக்கும் ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். மேடையில் யாரும் சொல்வதில்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் மொத்தம் 12 பாடங்கள். வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகளில் ஆரம்பித்து வகைக்கெழுச் சமன்பாடுகளில் முடியும் நான்கு பாடங்கள், ஏழாவது முதல் பத்தாவது வரை, நுண்கணிதம். வினாத்தாள் 90 மதிப்பெண்ணுக்கு: ஒரு மார்க் கேள்வி 20, இரண்டு மார்க்கில் பத்துக்கு ஏழு, மூன்று மார்க்கில் பத்துக்கு ஏழு, ஐந்து மார்க்கில் ‘அல்லது’ போட்ட ஏழு. அக மதிப்பீட்டின் 10 முழுதாகக் கிடைத்துவிட்டால் எழுத்துத் தேர்வில் 25 போதும். நேர்மாறு அணி, கலப்பெண், பரவளையம், தனிநிலைக் கணிதத்தின் மெய் அட்டவணை, பயிற்சியின் கடைசியில் வரும் ஒரு மார்க் கேள்விகள் என்று பொறுக்கி எடுத்தால் அந்த 25 தேறிவிடும். மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கென்று ரிவிஷன் சமயத்தில் ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கும் ‘மினிமம் மெட்டீரியல்’ இந்தக் கணக்கை வைத்துத்தான் தயாராகிறது. ஆக, ஒரு பகுதி பாடத்திட்டத்தில் கட்டாயமாக இருப்பது ஒரு சங்கதி, பிள்ளை அதைக் கற்பது வேறு சங்கதி. பள்ளியில் நுண்கணிதத்தைக் கட்டாயமாக்கலாமா, புரோகிராமிங்கைக் கட்டாயமாக்கலாமா என்று பேசுகிறவர்கள் இந்த இடத்திலிருந்து தொடங்கினால் நல்லது.

ஏற்காட்டில் இந்தக் கேள்விக்கு ஒரே மலையில் இரண்டு பதில்கள் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கின்றன. ஒரு பக்கம் 1894-இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட், 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்ற, வெளியூர்ப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கும் பழைய ஆங்கிலப் பள்ளிகள். அங்கே நுண்கணிதம் படிப்பதா வேண்டாமா என்பது பிள்ளையும் பெற்றோரும் உட்கார்ந்து பேசி எடுக்கிற முடிவு. இன்னொரு பக்கம் அரசுப் பள்ளிகளும் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும். நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடை பக்கத்துச் சிற்றூர்களின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கும், காபித் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கும் இவைதான் பள்ளி. இங்கே பத்தாம் வகுப்பு வரைதான் பாடத்திட்டம் எல்லோருக்கும் பொது. பிளஸ் ஒன்னில் என்ன குரூப் கிடைக்கும் என்பதை, எந்தப் பாடத்துக்கு முதுகலை ஆசிரியர் பணியிடம் இருக்கிறது, எந்தப் பணியிடம் நிரம்பியிருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. கணிதம் அடங்கிய ஃபர்ஸ்ட் குரூப் இல்லையென்றால் பிள்ளை சேலத்தில் விடுதி தேட வேண்டும், இல்லையேல் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வருவது இதுதான்: மாறும் அளவுகளைப் பற்றிய சிந்தனையும், ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்து எழுதும் பயிற்சியும் பத்தாம் வகுப்புக்குள், கணிதப் பாடத்துக்குள்ளேயே, எல்லோருக்கும் கட்டாயமாக வேண்டும். முறையான நுண்கணிதமும் தனிப் பாடமான புரோகிராமிங்கும் பிளஸ் ஒன்னில் விருப்பமாகவே இருக்கட்டும். ஆனால் அந்த விருப்பத்தை ஒவ்வொரு மலைப்பள்ளியிலும் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அரசின் தலையில் இருக்க வேண்டும்.

இரண்டையும் நேரடியாகக் கட்டாயமாக்கச் சொல்பவர்களிடம் வலுவான ஒரு காரணம் இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி பொறியியல் மாணவரின் முதல் செமஸ்டரில் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ என்று ஒரு தாள், ‘ப்ராப்ளம் சால்விங் அண்ட் பைத்தான் புரோகிராமிங்’ என்று ஒரு தாள் இருந்தன. சிவில் எடுத்தாலும் மெக்கானிக்கல் எடுத்தாலும் தப்ப முடியவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-இல் பொறியியலுக்கும் வந்த பிறகு, மலையிலிருந்து வருகிற பிள்ளைக்கும் அந்த வாசல் திறந்திருக்கிறது. சேர்க்கைக்குக் கணக்கில் எடுப்பது கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்ற 200. அதில் கணினி அறிவியலுக்கு இடமே இல்லை. எனவே கணிதமும் உயிரியலும் எடுத்து வந்த பிள்ளை, பெரும்பாலும் முதல் முறையாக ஒரு லூப்பைக் கல்லூரியில்தான் பார்க்கிறது. மினிமம் மெட்டீரியலில் கரையேறிய பிள்ளை அங்கேதான் தொகையிடலையும் முதல் முறையாக நேருக்கு நேர் சந்திக்கிறது. வாசலைத் திறந்துவிட்டு உள்ளே படியில்லாமல் விட்டால் எப்படி, ஆகவே பள்ளியிலேயே கட்டாயமாக்கு என்கிறார்கள். நோயைச் சரியாகத்தான் சொல்கிறார்கள். மருந்தில்தான் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அந்த மருந்தை ஏற்கெனவே கொடுத்துப் பார்த்தாயிற்று. ஃபர்ஸ்ட் குரூப் பிள்ளைக்கு நுண்கணிதம் இன்றைக்கும் கட்டாயம்தான். பலன் என்ன என்பதை மேலே சொன்ன 25 மார்க் கணக்கு காட்டுகிறது.

பலன் இல்லாமல் போவதற்குப் பிள்ளையின் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது. வகுப்பறைக்குள் இருப்பவர்களுக்குத் தெரிகிற காரணம் வேறு. பதினோராம் வகுப்பு இயற்பியலில் இரண்டாவது அலகே இயக்கவியல். திசைவேகம், முடுக்கம் என்று வந்தவுடன் வகையிடலும் தொகையிடலும் வேண்டும் என்பதால், அந்த அலகுக்குள்ளேயே இரண்டையும் பற்றி ஒரு சுருக்கமான அறிமுகத்தை வைத்திருக்கிறார்கள். கணிதப் புத்தகத்திலோ எல்லையும் தொடர்ச்சியும் ஒன்பதாவது பாடம், வகைமை பத்தாவது, தொகையிடல் பதினொன்றாவது. எல்லாம் இரண்டாம் தொகுதியில். அதாவது இயற்பியல் ஆசிரியர் ஆண்டின் தொடக்கத்திலேயே நுண்கணிதத்தைப் பயன்படுத்திவிடுகிறார். கணித ஆசிரியர் அதைத் தொடங்குவதற்குள் காலாண்டுத் தேர்வு முடிந்திருக்கும். நடுவில் உள்ள மாதங்களில் பிள்ளை கற்றுக்கொள்வது ஒரே ஒரு மந்திரம்: அடுக்கை முன்னால் இறக்கு, அடுக்கில் ஒன்றைக் குறை. இந்த மந்திரம் மண்டையில் ஏறிவிட்டால் பிறகு எல்லையை விளக்குவது பெரும்பாடு. விடைதான் வந்துவிடுகிறதே, விளக்கம் எதற்கு என்பதே பிள்ளையின் நியாயமான எண்ணமாக இருக்கும். டி ஒய் பை டி எக்ஸில் மேலும் கீழும் இருக்கிற ‘டி’யை அடித்துவிடுவதும், இரண்டு சார்புகளின் பெருக்கலை வகையிடச் சொன்னால் தனித்தனியாக வகையிட்டுப் பெருக்கி வைப்பதும் இந்த மண்ணில் முளைக்கிற களைகள். பியூர் சயின்ஸ் குரூப்பின் நிலை இன்னும் மோசம். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எடுக்கும் அந்தப் பிள்ளைகளுக்குக் கணிதமே கிடையாது. இயற்பியல் புத்தகம் மட்டும் அதே புத்தகம்.

பிளஸ் ஒன் என்ற ஆண்டின் கதையும் இதோடு சேர்ந்தது. 2016–17 வரை பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. நுண்கணிதத்தின் அஸ்திவாரம் இருப்பது பிளஸ் ஒன்னில். அதன் பயன்பாடுகள் இருப்பது பிளஸ் டூவில். அஸ்திவாரத்தை விட்டுவிட்டு மாடி கட்டிய பிள்ளைகள் சென்டம் வாங்கி, கல்லூரியில் முதல் செமஸ்டரில் அரியர் வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு மறுபடியும் போய்விட்டது. தேர்வுச் சுமையைக் குறைப்பது நல்ல நோக்கம்தான். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதியதில் பிள்ளைகள் துவண்டது உண்மை. ஆனால் எல்லையும் வகைக்கெழுவும் இருக்கிற ஆண்டு மறுபடியும் கவனிப்பாரற்றுப் போகும் வாய்ப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். தேர்வு வைத்தால் மனப்பாடம், எடுத்துவிட்டால் புறக்கணிப்பு என்ற ஊசலாட்டம், சிக்கல் பிளஸ் ஒன்னுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது என்பதைத்தான் காட்டுகிறது.

அமெரிக்காவில் பிலிப் சாட்லரும் கெர்ஹார்ட் சோனர்ட்டும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் பயன்படும். கல்லூரியில் நுண்கணிதம் படிக்கும் ஆயிரக்கணக்கான மாணவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் பள்ளியில் நுண்கணிதம் படித்திருந்தது எவ்வளவு உதவியது, அதற்கு முந்தைய கணிதத்தில் அவர்களுக்கு இருந்த பிடிமானம் எவ்வளவு உதவியது என்று பிரித்துப் பார்த்தார்கள். பள்ளியில் படித்தது உதவவே செய்தது. ஆனால் இயற்கணிதம், வடிவியல், சார்புகள் ஆகியவற்றில் இருந்த பிடிமானம் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் உதவியது. இதைப் பார்த்துவிட்டுப் பள்ளியில் நுண்கணிதமே வேண்டாம் என்று முடிவுகட்டுவது அவசரம். அவர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால் அதை எங்கே செலவழிப்பது என்ற கேள்விக்குத்தான் அது பதில் சொல்கிறது. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1905-இல் ஃபெலிக்ஸ் கிளைனும் அவரோடு இருந்தவர்களும் மெரான் நகரில் ஜெர்மன் பள்ளிகளுக்காக முன்வைத்த பரிந்துரைகளின் மையம், ஒரு அளவு மாறும்போது அதைச் சார்ந்த இன்னொரு அளவு எப்படி மாறுகிறது என்ற சிந்தனை கீழ்வகுப்புகளிலிருந்தே வளர வேண்டும் என்பதுதான். நுண்கணிதம் அதன் உச்சியில் தானாக வந்து உட்காரும் என்று அவர்கள் எண்ணினார்கள். நாம் உச்சியை எடுத்துக்கொண்டோம், ஏறுகிற வழியை எடுத்துக்கொள்ளவில்லை.

புரோகிராமிங்கின் கதை குட்டையானது. பள்ளிகளில் கணினி என்று இந்தியாவில் முதன்முதலில் பெரிய அளவில் முயன்றது 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டம்; சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் போயின. அதே 1984-இல் அமெரிக்காவில் ராய் பீயும் மிடியன் கர்லண்டும், லோகோ மொழியில் புரோகிராம் எழுதிய பிள்ளைகளுக்குத் திட்டமிடும் திறன் பொதுவாகவே கூடியதா என்று பார்த்தார்கள், கூடியதாகத் தெரியவில்லை. புரோகிராமிங் மூளையைத் தீட்டும் என்று செமூர் பேப்பர்ட் 1980-இல் எழுதிய புத்தகம் கிளப்பிய உற்சாகத்துக்கு அது ஒரு வேகத்தடை. 2019-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஓரளவு நற்பயன் இருப்பதாகவே சொன்னது. புரோகிராமிங்குக்கு நெருங்கிய வேலைகளில் அந்தப் பயன் கூடுதல், தள்ளிப்போகப் போகக் குறைவு. நம் ஊரில் பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான். செய்முறைத் தேர்வுக்கு வரக்கூடிய புரோகிராம்கள் எவை என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால், வரி பிசகாமல் உருப்போட்டு வந்து டைப் அடிக்கும் பிள்ளைகளும் உண்டு. புரோகிராமில் அரைப்புள்ளி விடுபட்டால் பதறுவார்கள், விடை தவறாக வந்தால் பதறமாட்டார்கள். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசி அலகாக ‘காட்சித் தொடர்பு’ என்ற பெயரில் ஸ்கிராட்ச் வருகிறது. கடைசி அலகு, அதுவும் மற்ற அலகுகளுக்கே நேரம் போதாத ஆசிரியரின் கையில். இங்கிலாந்து 2014-இல் ஐந்து வயதிலிருந்தே கணினியியலைக் கட்டாயமாக்கியது. 2017-இல் ராயல் சொசைட்டி கணக்கெடுத்தபோது, பாதிக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஜிசிஎஸ்இ கணினி அறிவியலை நடத்தவே இல்லை என்று தெரிந்தது. ஆணை வந்த வேகத்தில் ஆசிரியர் வரவில்லை. அந்த வசதியான நாட்டின் கதி இது என்றால், மழைக்காலத்தில் கரண்டும் சிக்னலும் சேர்ந்து போகிற மலையில் ஆணை என்ன ஆகும்?

அப்படியானால் பத்தாம் வகுப்புக்குள் என்ன செய்யலாம்? காபித் தோட்டங்களில் மழைப் பதிவேடு எழுதுவது பழைய வழக்கம். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த மலையின் கவலை மழைதான். பூ மழை சரியான சமயத்தில் பெய்தால் எட்டுப் பத்து நாளில் செடி வெள்ளையாகப் பூக்கும். தவறினால் அந்த ஆண்டு விளைச்சல் போச்சு. அதனால் தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து ரைட்டர் ஒரு எண்ணை எழுதுகிறார். திங்கள் 12 மி.மீ., செவ்வாய் 0, புதன் 30, வியாழன் 8 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பத்தியில் அன்றுவரை பெய்த மொத்தத்தை எழுதினால் 12, 12, 42, 50. இரண்டாவது பத்தியில் அடுத்தடுத்த எண்களைக் கழித்தால் முதல் பத்தி திரும்பக் கிடைக்கிறது. கூட்டிக்கொண்டே போவதும் கழித்துக்கொண்டே வருவதும் ஒன்றையொன்று அவிழ்க்கும் என்பதைப் பிள்ளை இங்கே கையால் தொட்டுப் பார்த்துவிடுகிறது. தொகையிடலும் வகையிடலும் எதிரெதிர்ச் செயல்கள் என்ற அடிப்படைத் தேற்றத்தின் எலும்புக்கூடு இதுதான். மொத்தத்தை வரைபடத்தில் குறித்தால் செவ்வாயன்று கோடு படுத்திருக்கும், புதனன்று விறுவிறுவென ஏறும். சாய்வு என்பது பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் இப்போதே இருக்கிறது. அங்கே அது இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டின் ஒரு சூத்திரம் மட்டும். இங்கே அது மழையின் வேகம். புதனன்று 30 மி.மீ. என்பது நாள் முழுவதற்குமான சராசரி. உண்மையில் அது மாலையில் ஒரே மணி நேரத்தில் கொட்டியிருக்கலாம் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். மலைப்பிள்ளைகள் கட்டாயம் சொல்வார்கள், அவர்கள் பார்த்த மழை அப்படிப்பட்டது. அந்த வாக்கியத்திலிருந்து மணிக்கணக்கு, நிமிடக்கணக்கு என்று இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போனால், எல்லை என்ற கருத்து எந்தக் குறியீடும் இல்லாமல் வகுப்புக்குள் வந்துவிடுகிறது. குறியீடு இல்லாமல் சொல்வது கணிதத்துக்குக் குறைச்சல் என்று நினைப்பவர்கள், 1530 வாக்கில் ஜேஷ்டதேவர் மலையாள உரைநடையில் எழுதிய யுக்திபாஷையை நினைத்துக்கொள்ளலாம். முடிவிலித் தொடர்களுக்கான விளக்கங்களை அது பேச்சுமொழிக்கு நெருங்கிய நடையில் சொல்கிறது.

இதே பதிவேடுதான் புரோகிராமுக்கும் பாடம். மழை அளவுகளின் பட்டியல் ஒன்று, மொத்தம் பூஜ்யம் என்று ஒரு வரி, பட்டியலில் ஒவ்வொன்றாக எடுத்து மொத்தத்தோடு கூட்டும் லூப் ஒன்று; அவ்வளவுதான். மொத்தத்தைப் பூஜ்யமாக்கும் வரியைத் தவறுதலாக லூப்புக்குள் வைத்துவிட்டால், ஒவ்வொரு நாளும் பழைய மழை அழிந்து, கடைசியில் 50-க்குப் பதில் 8 என்று வரும். ஏன் 8 என்று பிள்ளை யோசிக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் புரோகிராமிங்கின் சாரம் இருக்கிறது. அதற்குக் கணினி இருந்தால் நல்லது. இல்லையென்றால் கரும்பலகையில் ஒரு பிள்ளை லூப்பாகவும் இன்னொரு பிள்ளை மொத்தமாகவும் நின்று நடத்திக் காட்டலாம். கணினி இல்லாமலே கணினி அறிவியல் கற்பிக்க நியூசிலாந்தில் டிம் பெல் குழுவினர் உருவாக்கிய பயிற்சிகள் உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கின்றன. நம் சமச்சீர்க் கணிதப் புத்தகமே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் ‘தகவல் செயலாக்கம்’ என்ற பாடத்தில் ஓட்டப்படங்கள், சங்கேதங்கள், ஃபிபனாச்சி வரிசை எல்லாம் வைத்திருக்கிறது. எட்டோடு அது நின்றுவிடுகிறது. ஒன்பதிலும் பத்திலும் தொடர்ச்சி இல்லை. ஆற்றின் நடுவில் நிற்கிற பாலம் அது. இன்னும் பழையதையும் எடுத்துக்கொள்ளலாம்: பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ண, காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்கச் சொல்கிறது கணக்கதிகாரம். அது ஒரு செயல்முறை. அது சரியா என்று ஏற்காட்டுப் பலாவை வைத்துச் சோதிப்பது அதைவிட நல்ல பாடம். பிள்ளைகள் சுளையைச் சாப்பிட்டுவிடுவார்கள் என்பதைத் தவிர வேறு இடைஞ்சல் இல்லை.

வகுத்தலே தெரியாத பிள்ளைக்கு மாறுவீதமா என்பது ஆசிரியர் ஓய்வறையில் முதலில் எழுகிற மறுப்பு. கேலியாகத் தள்ளிவிட முடியாத மறுப்பு. 2023-ஆம் ஆண்டின் ஏசர் ஆய்வில், நாடு முழுவதும் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுள்ளவர்களில் சுமார் 43 சதவீதம் பேருக்குத்தான் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தது. இந்த நிலையில் கணிதப் பாடத்தில் எதைச் சேர்த்தாலும் அது மேலே ஏற்றும் சுமை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வகுத்தலைத் திரும்பத் திரும்ப வெறும் வகுத்தலாகவே கொடுத்து ஒன்பது ஆண்டுகளில் வராதது பத்தாவது ஆண்டிலும் வரப்போவதில்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்றால் ஏற்காட்டில் எவ்வளவு குறைய வேண்டும்? ஏறத்தாழ 8 டிகிரி. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் எதற்கு? ஏற வேண்டிய உயரம் அதேதான். பாதையை நீட்டினால் சாய்வு குறைகிறது, பஸ் ஏறுகிறது. இந்தக் கணக்குகளில் வகுத்தல் தானாக வருகிறது, அதுவும் எதற்கு வகுக்கிறோம் என்ற காரணத்தோடு வருகிறது. அடிப்படை தெரியாத பிள்ளைக்கு மாறுவீதம் கூடுதல் பாரமாகாது, அந்த அடிப்படைக்கே அது இன்னொரு வாசல்.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது, எனக்கு அதுதான் கனமானது. மலைப்பிள்ளைக்கு மழைப் பதிவேடு, விடுதிப் பள்ளிப் பிள்ளைக்கு முறையான நுண்கணிதம் என்று பிரித்தால், ஏழைக்கு ஏற்ற கணிதம் என்று ஒன்றைத் தயாரிப்பதாகிவிடாதா? விருப்பப் பாடம் என்று விட்டால் வசதியுள்ளவன் மட்டும்தான் விரும்புவான் என்று சமூகநீதி பேசுபவர்கள் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. இதற்கு என் பதில், பதிவேடு இரண்டு பள்ளிகளுக்கும் பொது என்பது. குறியீட்டோடு தொடங்கி மந்திரமாகவே முடிக்கிற பிள்ளை விடுதிப் பள்ளியிலும் உண்டு. அதற்கும் இந்தப் படி தேவை. பிளஸ் ஒன்னைப் பொறுத்தவரை, எல்லாப் பிள்ளைக்கும் நுண்கணிதத்தைக் கட்டாயமாக்குவதைவிட, கேட்கிற ஒரே ஒரு பிள்ளைக்கும் அதைக் கொடுப்பதைக் கட்டாயமாக்குவது கடினம், செலவும் அதிகம். அதனால்தான் அரசுகளுக்கு முன்னது பிடித்திருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒரு ஆணையில் பாடத்திட்டத்தை மாற்றிவிடலாம். மலைக்கு ஒரு முதுகலைக் கணித ஆசிரியரையும் ஒரு கணினிப் பயிற்றுநரையும் அனுப்பி, அடுத்த கலந்தாய்வில் அவர்கள் சமவெளிக்கு இடமாறுதல் வாங்காமல் பார்த்துக்கொள்வதற்கு ஆணை போதாது. குடியிருப்பு வேண்டும், மலைப்படி ஒழுங்காக வேண்டும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும் நல்ல பள்ளி வேண்டும்.

செயற்கை நுண்ணறிவே புரோகிராம் எழுதிக் கொடுக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்ற மூன்றாவது மறுப்பு இப்போது எல்லா ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்திலும் எழுகிறது. கால்குலேட்டர் வந்தபோதும் இதையே கேட்டார்கள். இயந்திரம் எழுதித் தரும் புரோகிராம் 50-க்குப் பதில் 8 என்று சொன்னால், 30 மி.மீ. பெய்த வாரத்தில் மொத்தம் 8 ஆக இருக்க முடியாது என்று சந்தேகப்பட ஒரு ஆள் வேண்டும். எழுதும் திறமை மலிவாகிறபோது சந்தேகப்படும் திறமைக்கு விலை ஏறுகிறது. அதனால் குறிப்பிட்ட ஒரு மொழியின் இலக்கணத்தைப் பத்தாம் வகுப்பில் கட்டாயமாக்குவதை நானும் எதிர்க்கிறேன். ஒரு காலத்தில் பிளஸ் டூ கணினி அறிவியலில் பாதிப் புத்தகம் ஸ்டார் ஆபீஸ் என்ற மென்பொருள்; அதன் மெனுக்களை மனப்பாடம் செய்த தலைமுறைக்கு இன்று அதைத் திறந்து பார்க்கவும் வழியில்லை.

இடம் எங்கே இருக்கிறது என்பதுதான் நடைமுறைக் கேள்வி, பாடத்திட்டக் குழுவில் உட்கார்பவர்கள் முதலில் கேட்பதும் அதுதான். பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலத்தை நீள்வகுத்தல் முறையில் காணும் பகுதி ஒன்று இருக்கிறது. மார்க்குக்கு வசதியானது, ஐந்து மார்க் உறுதி என்று எல்லோரும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பிளஸ் ஒன்னில் அதன் மேல் எதையும் யாரும் கட்டுவதில்லை. அதை எடுத்துவிட்டால் வாரக்கணக்கில் பாடவேளை மிஞ்சும். முதல் பாடமான உறவுகளும் சார்புகளும் இப்போது அம்புக்குறிப் படங்களிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்குள்ளேயே மொத்த மழை, மாறுவீதம், அட்டவணை, வரைபடம் எல்லாம் உட்காரும். தகவல் செயலாக்கத்தை எட்டிலிருந்து பத்துவரை நீட்டினால் லூப்புக்கும் இடம் கிடைத்துவிடும், புதிய பாடப் பெயரோ புதிய புத்தகமோ வேண்டாம். பதினோராம் வகுப்பில் கணித ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் ஜூன் மாதமே சேர்ந்து உட்கார்ந்து, ஒன்பதாவது பாடத்தை முன்னால் இழுத்துக்கொள்ள ஒரு சுற்றறிக்கை போதும். சில பள்ளிகளில் சுற்றறிக்கை இல்லாமலே அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். வினாத்தாளில் நுண்கணிதப் பாடங்களிலிருந்து குறைந்தபட்சம் சில கேள்விகளை எழுதியே ஆக வேண்டும் என்ற ஏற்பாட்டை மட்டும், இவையெல்லாம் நடந்து ஒரு பேட்ச் பத்தாம் வகுப்பு முடித்து வந்த பிறகு வைக்கலாம். அதற்கு முன்னால் வைத்தால் மலைப்பள்ளிகளின் தேர்ச்சி சதவீதம் விழும், ஃபர்ஸ்ட் குரூப்பை நடத்துவது வீண் என்று சொல்லி மூட அதையே காரணமாக்குவார்கள்.